"கல்யாணம் எப்போது?": நேர்முகத் தேர்வில் சங்கடமான கேள்விகளும் சட்டத்தின் எல்லையும்

தோட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, தொழிற்பேட்டை வாசலில் சட்டையைச் சரிசெய்துகொண்டு, எஸ்பிஎம் சான்றிதழும் டிப்ளோமாவும் உள்ள கோப்பை மடியில் வைத்துக் காத்திருக்கும் இளையோர் பலர். வேலை அனுபவம், கணினித் திறன், மொழி என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகவே அவர்கள் உள்ளே போகிறார்கள். ஆனால், தடுமாற வைப்பது வேறு வகைக் கேள்வி. "கல்யாணம் ஆகிவிட்டதா? எப்போது குழந்தை பெற்றுக்கொள்வீர்கள்?" "தைப்பூசத்துக்கு விடுப்பு கேட்பீர்களா?" "கையில் பச்சை குத்தியிருக்கிறதே, கும்பலில் இருந்தீர்களா?"

பதில் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவர் என நினைப்பார்களோ என்ற பயம் மறுபக்கம். இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறதா? கேட்டால் எப்படிச் சமாளிப்பது? எந்தக் கேள்வி நியாயமானது, எது எல்லை மீறியது? வேலை தேடுவோரும், ஆள் எடுக்கும் சிறுதொழில் முதலாளிகளும் அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் இவை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு கசப்பான உண்மை. தனியார் நிறுவன நேர்முகத் தேர்வில் இந்தந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று பட்டியல் போட்டுத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை. "அந்தக் கேள்வியே சட்டவிரோதம்" என்று பலர் நினைப்பது வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்ததால் வரும் எண்ணம். இங்கே பாதுகாப்பு பல சட்டங்களில் துண்டு துண்டாக இருக்கிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அரசியலமைப்பே அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் உண்டு. பாலினம் என்ற சொல் 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. அரசாங்க வேலை நியமனங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தும். தனியார் துறையை இது கட்டுப்படுத்தாது. கர்ப்பம் காரணமாக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பு உரிமை அரசுக்கும் தனிமனிதருக்கும் இடைப்பட்டதே என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் தெளிவுபடுத்திவிட்டது.

அரசுத் துறையில் நிலைமை வேறு என்பதற்கு ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011-இல் வழங்கிய தீர்ப்பு சான்று. தற்காலிக ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண், 2009 தொடக்கத்தில் நேர்முகத் தேர்வில் தேர்ச்சி பெற்றுப் பள்ளி நியமனமும் பெற்றார். அதன் பிறகு நடந்த விளக்கக் கூட்டத்தில், கர்ப்பிணிகள் யார் என்று அதிகாரி கேட்டார். அவர் உண்மையைச் சொன்னார். நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அது பாலினப் பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்காக மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐநா உடன்படிக்கையையும் நீதிபதி கருத்தில் கொண்டார். பதில் சொன்னவர் மீது தவறில்லை. பதிலைப் பயன்படுத்திய விதமே தவறு என்பது இந்த வழக்கு தரும் பாடம்.

தனியார் துறையைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் முக்கியமானது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு குறித்துத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழும் தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை கூடும்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பிரிவு 'தொழிலாளி' என்றுதான் சொல்கிறது. இன்னும் வேலையில் சேராத விண்ணப்பதாரரை அது தெளிவாகக் குறிப்பிடவில்லை. நேர்முகத் தேர்வு அறை இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. மேலும், இந்தச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன.

கல்யாணம், கர்ப்பம், குழந்தை

பெண்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகள் இவை. பேறுகால விடுப்பு 98 நாள் என்பதால் சில முதலாளிகள் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள்.

நேர்முகத் தேர்வில் தாம் கர்ப்பமாக இருப்பதைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வேலை வாய்ப்புச் சட்டத்தில் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு, பிரசவ நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. பேறுகால அலவன்ஸ் பெற, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். முந்தைய நான்கு மாதத்தில் ஏதேனும் ஒரு சமயத்திலாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பின் கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்குவதை 41ஏ பிரிவு தடுக்கிறது.

நேரடியாகக் கேட்டுவிட்டால் பொய் சொல்வது நல்லதல்ல. கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்வதே பலருக்குக் கைகொடுத்த வழி: "என் குடும்ப விஷயம் வேலையைப் பாதிக்காதபடி பார்த்துக்கொள்வேன். நீங்கள் சொன்ன ஷிஃப்ட் நேரத்துக்கு என்னால் வர முடியும்."

முதலாளி உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரவு ஷிஃப்டுக்கு வர முடியுமா, வெளியூர் போக முடியுமா என்பதுதான். அதை அப்படியே கேட்கலாம். ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். "பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதைப் பெண்ணிடம் மட்டும் கேட்டு, பக்கத்தில் காத்திருக்கும் ஆணிடம் கேட்காமல் விட்டால் அங்கேதான் பாகுபாடு தொடங்குகிறது.

சமயம், பண்டிகை, உணவு

"தீபாவளிக்கு விடுப்பு வேண்டுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன், சட்டத்தில் உள்ளதை அறிந்திருப்பது நல்லது. வேலை வாய்ப்புச் சட்டப்படி தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன் உண்டு. அவற்றில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு எவை என்பதை முதலாளி அறிவிப்பார். தீபாவளியும் தைப்பூசமும் கட்டாய ஐந்தில் இல்லை. எனவே, "இங்கே எந்தெந்தப் பொது விடுமுறைகள் கொடுக்கப்படுகின்றன?" என்று விண்ணப்பதாரர் நேர்முகத் தேர்விலேயே கேட்டுத் தெளிவது நல்லது. அதில் தவறே இல்லை.

உணவு சார்ந்த கேள்விகளில் சில நியாயமானவை. உணவகம், உணவுத் தொழிற்சாலை, பேரங்காடியின் இறைச்சிப் பிரிவு போன்ற இடங்களில் மாட்டிறைச்சியையோ பன்றி இறைச்சியையோ கையாள வேண்டியிருக்கலாம். "இந்த வேலையில் மாட்டிறைச்சியைத் தொட வேண்டி வரும், சம்மதமா?" என்று கேட்பது வேலையைப் பற்றிய கேள்வி. "நீங்கள் என்ன சாமி கும்பிடுகிறீர்கள்?" என்பது வேலைக்குத் தொடர்பில்லாதது. நெற்றியில் விபூதி, கையில் கயிறு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால், சுகாதாரம், பாதுகாப்பு விதிகள் ஏதேனும் உண்டா என்று திரும்பக் கேட்கலாம். இயந்திரத்தில் சிக்கும் அபாயம் உள்ள இடத்தில் கயிறு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் எல்லாரும்தான் கழற்றியாக வேண்டும்.

இனமும் மொழியும்

விண்ணப்பப் பாரத்தில் இனம் என்ற கட்டம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும் நாட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதால் பெரிய பயன் இல்லை. சங்கடம் அதிகம் வருவது மாண்டரின் மொழி விஷயத்தில். தனியார் நிறுவனம் மாண்டரின் தெரிந்தவரைக் கேட்பதற்குத் தடை இல்லை. சீன வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டிய விற்பனை வேலைக்கு அது தேவைப்படலாம். கிடங்கில் சரக்கு எண்ணும் வேலைக்கும் அதே நிபந்தனை என்றால் கேள்வி எழுகிறது.

"இந்த வேலையில் மாண்டரின் எங்கே பயன்படும்?" என்று மரியாதையாகக் கேட்பது விண்ணப்பதாரரின் உரிமை. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் தெரிந்தவர் அதை வலிமையாகச் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்று தவிக்கும் மருந்தகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு.

இன்னொரு கேள்வி நம்மவர்களுக்குள்ளேயே இருந்து வருகிறது. "நீங்க எந்த ஆளுங்க?" என்று சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கும் தமிழ் முதலாளிகள் முற்றாக மறைந்துவிடவில்லை. அப்பா பெயர், பூர்வீக ஊர் என்று தொடங்கி அது அங்கேதான் போய் நிற்கும். "நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று முடித்துக்கொள்வதில் அவமரியாதை எதுவும் இல்லை.

பச்சை, போலீஸ், குடி

இந்திய இளைஞர்கள் அதிகம் புண்படும் இடம் இது. ஒரு சிலர் செய்த குற்றத்துக்காக எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் கேள்விகள். "நீங்கள் கும்பலில் இருந்தீர்களா?" என்று கேட்கும்போது கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தை அறைக்கு வெளியே வைப்பவர்தான் வேலையோடு திரும்புகிறார்.

குற்றப் பதிவு பற்றிய கேள்வி சில வேலைகளில் நியாயமானது. பாதுகாவலர், பணம் கையாளும் காசாளர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி ஆகியவற்றில் பின்னணிச் சோதனை இருக்கும். இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். கைது செய்யப்பட்டது வேறு. நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது வேறு. பாரத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், விசாரணைக்கு அழைத்துப் பின் விடுவிக்கப்பட்ட சம்பவத்தை எழுதத் தேவையில்லை. தண்டனை பெற்றிருந்தால் மறைக்கக்கூடாது. பின்னால் தெரியவந்தால், பழைய குற்றத்தைவிடப் பொய் சொன்னதே வேலை நீக்கத்துக்குக் காரணமாகிவிடும். "பத்தொன்பது வயதில் நடந்தது. தண்டனையை முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரே இடத்தில் வேலை செய்திருக்கிறேன்" என்று சுருக்கமாகச் சொல்பவரை நம்பும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

நோய், உடற்குறை, வயது

பளு தூக்கும் வேலைக்கு முதுகுவலி இருக்கிறதா என்று கேட்பதும், லோரி ஓட்டுநரிடம் கண்பார்வையைக் கேட்பதும் சரி. கணக்காளரிடம் சர்க்கரை நோயைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது தேவையற்றது. உடற்குறையுள்ளோர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை வாய்ப்பு பெறும் உரிமையை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் மீறும் முதலாளிக்கு அதில் தண்டனை இல்லை. அதனால் என்ன வசதி செய்து கொடுத்தால் வேலையைச் செய்ய முடியும் என்பதை விண்ணப்பதாரரே தெளிவாகச் சொல்வது பலன் தரும்.

வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த நாற்பத்தைந்து வயதுக்காரர்களை இது கடுமையாகப் பாதிக்கிறது. 2012-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டப்படி தனியார் துறையில் ஓய்வு வயது 60. "இன்னும் பதினைந்து ஆண்டு வேலை செய்ய முடியும், அடிக்கடி வேலை மாறும் வயது எனக்கு முடிந்துவிட்டது" என்று சொல்ல அவர்களுக்கு இடமிருக்கிறது.

தொழிற்சங்கம்: தடை தெளிவாக உள்ள ஒரே கேள்வி

"சங்கத்தில் இருந்தீர்களா?" என்ற கேள்வியைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியவர்கள். இதில்தான் சட்டம் வேலை தேடுபவரை நேரடியாகக் காக்கிறது. 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, ஒருவர் தொழிற்சங்க உறுப்பினராகவோ பொறுப்பாளராகவோ இருப்பதை அல்லது இல்லாததைக் காரணம் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்கிறது. சங்கத்தில் சேரமாட்டேன் என்று நிபந்தனை எழுதி வாங்குவதற்கும் தடை உண்டு. இதை மீறும் முதலாளி மீது தொழிலுறவு இலாகாவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம்.

சம்பளமும் ஆவணங்களும்

"கடைசியாக எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள்?" என்று கேட்கத் தடை இல்லை. ஆனால் பழைய குறைந்த சம்பளமே புதிய சம்பளத்துக்கு அளவுகோல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. "இந்தப் பொறுப்புக்கு நிறுவனம் ஒதுக்கியிருக்கும் சம்பளம் எவ்வளவு?" என்று முதலில் கேட்பது நல்லது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் உள்ளிட்ட பெரும்பாலான முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதலும் அது நடப்பில் உள்ளது. அதற்குக் கீழே "சம்மதமா?" என்று கேட்டால், விண்ணப்பதாரர் சம்மதித்தாலும் அது செல்லாது.

பாரத்தில் உடல்நலம், சமயம், அரசியல் கருத்து, குற்றப் பதிவு ஆகியவற்றைக் கேட்டால், அவை 2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நுண்ணிய தகவல்கள். எதற்காகச் சேகரிக்கிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் நிறுவனம் அறிவிக்க வேண்டும். அசல் சான்றிதழையோ அடையாளக் கார்டையோ "எங்களிடமே இருக்கட்டும்" என்று சொன்னால் கொடுக்கக்கூடாது, நகல் போதும். வங்கி அட்டை, ரகசிய எண், முன்பணம் கேட்கும் இடம் வேலை தரும் இடமே இல்லை.

பாலியல் தொனியில் கேள்வி வந்தால்

"காதலன் இருக்கிறானா? தனியாகத்தான் தங்குவீர்களா?" என்று தொடங்கி, உடல் அமைப்பைப் பற்றிப் பேசும் அளவுக்குப் போனால் அது சங்கடக் கேள்வி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அதற்குமேல் சமாளிக்க வேண்டியதில்லை; எழுந்து வெளியேறலாம். 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் சொல்லாலும் சைகையாலும் செய்யும் தொல்லையையும் உள்ளடக்கியது. புகார் செய்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கான தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கிறது. வழக்கறிஞர் இல்லாமலேயே வாதிடலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 509-ஆவது பிரிவின் கீழ் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

பதில் சொல்லும் மூன்று வழிகள்

எந்தச் சங்கடக் கேள்விக்கும் மூன்று வழிகள் உண்டு. பதில் சொல்வதில் பாதிப்பு இல்லை என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேலைக் கவலைக்கு மட்டும் பதில் சொல்லலாம். அல்லது, "இது இந்த வேலையோடு எப்படித் தொடர்புடையது என்று சொன்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும்" என்று அமைதியாகக் கேட்கலாம். மூன்றாவது வழியில் வேலை கிடைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. கையில் வேறு வழி இல்லாதவர் முதல் இரண்டோடு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதுவாயினும் பொய் மட்டும் வேண்டாம். வெளியே வந்ததும், தேதி, கேள்வி, கேட்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை விளம்பரத்தைப் படம் பிடித்து வைப்பது பின்னாளில் உதவும்.

ஆள் எடுக்கும் முதலாளிகளுக்கு

உணவகம், கிளினிக், லோரி நிறுவனம், பட்டறை நடத்தும் நம்மவர்கள் பலர் தெரியாமலேயே இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

"கல்யாணம் ஆகிவிட்டதா?" என்பதற்குப் பதில், "சனி, ஞாயிறு வேலை உண்டு, வர முடியுமா?"

"வீடு எங்கே, தோட்டமா?" என்பதற்குப் பதில், "காலை ஏழு மணிக்குள் வந்து சேர வாகன வசதி உண்டா?"

"ஏதாவது நோய் இருக்கிறதா?" என்பதற்குப் பதில், "இருபது கிலோ மூட்டையைத் தூக்க வேண்டியிருக்கும், முடியுமா?"

"ஏன் இரண்டு வருடம் சும்மா இருந்தீர்கள்?" என்பதற்குப் பதில், "இந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டவர் சும்மா இருந்தவர் அல்லர்.

ஜொகூர் பாலத்தைக் கடப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலை தேடும் மலேசியர்கள் அங்குள்ள மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும். வேலையிட நியாயச் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. ஆள் எடுக்கும் கட்டத்துக்கும் அது பொருந்தும். 2027-இல் நடப்புக்கு வரும் என எதிர்பார்க்கப்படும் அந்தச் சட்டத்திலிருந்து, 25-க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

எங்கே போவது?

வேலையில் சேர்ந்த பின் பாகுபாடு என்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா. சங்க உறுப்பியம் காரணமாக வேலை மறுக்கப்பட்டால் தொழிலுறவு இலாகா. பாலியல் தொல்லை என்றால் தீர்ப்பாயம் அல்லது போலீஸ். இவற்றுக்குள் அடங்காதவற்றை மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் தெரிவிக்கலாம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை என்றாலும், பதிவாகும் ஒவ்வொரு புகாரும் வேலை தேடுவோரையும் சட்டம் காக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்க்கும். நடந்ததை யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பினால், அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்காரும் இன்னொரு பெண்ணிடமும் அதே கேள்விதான் கேட்கப்படும்.